எந்தக் கூட்டம்

பல்லடம் தாண்டி, மில் விடுதியில்
துணி காயும் அறையை இருட்டாக்கித் தரச் சொன்னேன்.
போர்வை கட்டி ஜன்னலை அடைத்தார்கள்.
ஊதா விளக்கைப் பசந்தி நாயக்கின் முகத்தருகே பிடித்ததும்
மூக்கின் இருபுறமும் மோவாயிலும்
பவளப் புள்ளிகள் எரிந்தன.
"காத்தாடி லைட்டாட்ட இருக்குதுங்க்கா"
என்றாள் பின்னால் நின்ற சுகுணப்பிரியா.
உண்மைதான்.
கேத்தனூர்ப் பக்கம் ராத்திரி
காற்றாலை உச்சிகளில் தெரியுமே, அந்தச் சிவப்பு.
இது சிமிட்டவில்லை, அவ்வளவுதான்.

ஸ்வாப் குச்சியை நீட்டினேன்.
வாங்கி நுனியை விரலிடையில் உருட்டினாள் பசந்தி.
"பஞ்சு இல்ல. பாலியஸ்டர்."
மூன்று வருடத் தமிழில் தீர்ப்பு.
ஆறு மாதமாய் நோட்டில் பஞ்சு என்றே எழுதியிருக்கிறேன்.
அந்தக் குச்சியை எறிந்துவிட்டு வேறொன்று பிரித்தேன்.

கோனின் நிறம் பார்த்தே
நாற்பதா அறுபதா என்று பிரித்து அடுக்குகிறவள்.
அவளுக்கு என் வேலையைச் சொல்வது சுலபம்:
எல்லாம் ஒரே பேர்தான், ஒரே கிருமிதான்,
உள்ளே மட்டும் நம்பர் வேற.
"அப்ப எனக்கு எந்த நம்பர்?"
ஜாடியைக் கேட்டுத்தான் சொல்லணும் என்றேன்.

ஒப்பீட்டுக்குப் பருவே இல்லாத முகமும் வேண்டும்.
வார்டன் சம்பூர்ணம் வந்து உட்கார்ந்தார்,
கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டுபோல் முகம்.
மூக்கை நீட்டியபடியே கேட்டார்:
"ஏனுங் அம்மிணி, எந்த ஊருங்?"
"கோபிப் பக்கமுங்க."
"கோபில யாரு வூடு?"
"வாடகை வீடுங்க."
சிரித்தார். விடவில்லை.
"அதில்லீங், எந்தக் கூட்டம்?"
பேசினால் மாதிரியில் எச்சில் படும் என்றேன்.
படாது.

காற்றை எடுத்துவிட்ட ஜாடிக்குள் ஏழு நாள்.
அவசரமே இல்லாத ஜீவன்.
திறந்தால், வேர்த்த சட்டையை மடித்து வைத்த வாசம்.
குண்டூசித் தலைகளாய் வெளிறிய மேடுகள்.
ஒவ்வொன்றையும் உடைத்து வாசிக்க வேண்டும்:
நாலே எழுத்து,
ஆனால் இருபத்தைந்து லட்சம் தடவை.

முன்பு ஒன்று, இரண்டு, மூன்று என்றிருந்தது.
பிறகு ஒன்றை ஏ, பி என்றார்கள்.
ஏ-க்குள் மறுபடியும் கோடு,
பங்காளிகள் ஒரே காட்டில் வரப்பு போட்டுக்கொண்டே போவதுபோல.
நடுவில் குலப்பெயரையே மாற்றினார்கள்;
பழைய பெயரை விடாத பேராசிரியர்கள்
இன்னும் வைவாவுக்கு வருகிறார்கள்.

விடிகாலை நாலு மணிக்குக் கணினி மரம் வரைந்தது.
இடப்பக்கம் வேர், வலப்பக்கம் இலை.
பருவுக்குப் பழி சுமக்கும் கிளையில்
பசந்தி இருந்தாள். எதிர்பார்த்ததுதான்.
சுகுணப்பிரியா இருந்தாள்.
இருவருக்கும் நடுவே, சில எழுத்து வித்தியாசத்தில்,
சம்பூர்ணம்.
அந்த எவர்சில்வர் முகத்தில் அதே குடி
சத்தமில்லாமல் எண்ணெய் தின்று
எத்தனை வருடமாய் வாழ்கிறதோ.

"இருபத்தெட்டு பேரை வெச்சு எதுவும் எழுதீராதம்மா"
என்றார் கைடு. சரிதான்.
அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டேன்.
என் மூக்கையும் ஒருநாள் துடைத்து வைத்தேன்,
எண் தராமல், கணக்கில் சேராமல்.
ஜாடியில் அதற்குத்தான் எதுவுமே முளைக்கவில்லை.

பசந்தி நடவுக்கு ஊருக்குப் போனவள்
திரும்பி வரவில்லை.
அவள் குடி மட்டும் கிளிசரினில், மைனஸ் எண்பதில்,
கோவையிலேயே இருக்கிறது.
குப்பி பதினேழு. பக்கத்துக் குழியில் பதினெட்டு.

பதினெட்டு நேற்று போன் செய்தார்.
"அம்மிணி, என்ற மூக்குல என்னுங் வந்துது?"
"வகை மட்டும்தான் சொல்லலாமுங்க."
"செரி, அதைச் சொல்லுங்கோ."
சொன்னேன். ஒன்று, ஏ, ஒன்று.
"நல்லதுங்களா அது?"
தெரியலீங்க என்றேன்.
"எதுக்கும் ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ" என்றார்.
காகிதத்தின்மேல் பேனா நகர்வது கேட்டது.