எண்ணூறு ஜூல்

பீடோர் ஆலையில் எனக்கு இரவு எடைமேடை.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
நின்ற எண்ணைத்தான் எழுத வேண்டும்.
நடுங்கிய எண்களுக்குத் தாளில் இடமில்லை.

இரண்டு லாரிகளுக்கு நடுவே
எஸ்டிபிஎம் கணக்குப் புத்தகம் திறந்து கிடக்கும்.
எனக்கு இது மூன்றாம் முறை, தனித் தேர்வர்.
விசை மாறிக்கொண்டே இருந்தால்
தூரத்தால் நேராகப் பெருக்காதே என்கிறது;
வழியை நறுக்கு,
ஒரு துண்டுக்குள் விசைக்கு மாற நேரமில்லாதபடி
பொடிப்பொடியாக நறுக்கு,
பிறகு கூட்டு.
வெங்காயம் அரிகிற பேச்சு மாதிரிதான் இருந்தது.

புத்தகத்தில் சுருள்வில், ஓட்டை வாளி, கிணறு.
எனக்குத் தெரிந்தது
பதினேழாம் நம்பர் செம்பனைக் காட்டில்
ரபிகுல் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி,
அடித்தகடு துருவேறி வாய் பிளந்தது.
கிளம்பும்போது நூற்றிருபது கிலோ.
இருநூறு மீட்டர் தள்ளி
லாரி ரோட்டைச் சேரும்போது நூற்றுப் பன்னிரண்டு.
மீட்டருக்கு நாலு பழம் உதிர்கிறது,
பழம் ஒன்று பத்துக் கிராம்.
ஒரு கிலோவை நகர்த்த ஒரு நியூட்டன் என்று வைத்தேன்
(எதையாவது வைக்காமல் எந்தக் கணக்கும் நகராது).

சேர்ந்த எடையைத் தூரத்தால் பெருக்கினால்
இருபத்திரண்டாயிரத்து நானூறு.
தொகையிட்டால்
இருபத்து மூவாயிரத்து இருநூறு.
இடையில் எண்ணூறு ஜூல்,
பாதை நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் முக்கோணம்,
கிளம்பும் இடத்தில் எட்டு உயரம்,
ரோட்டோரம் வெறும் முனை.

தண்டலிடம் காட்டினேன்.
“எண்ணூறுக்கு எத்தனை சென்?”
கணக்குப் பார்த்தேன்.
அவர் தேத்தண்ணியில்
கரையாமல் அடியில் நின்ற சீனியைவிடக் குறைவு.

உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு
பின்னால் தனபாக்கியம் அக்கா வருவார்.
அவருக்கும் போட்டேன்.
சாக்கு தலையில், பாதை மட்டம்,
விசை மேல்நோக்கி, நகர்வு முன்நோக்கி,
இடைக்கோணம் தொண்ணூறு, கொசைன் சுழியம்,
செய்த வேலை சுழியம்.
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
அடுத்த லாரி ஹார்ன் அடித்தது
இரண்டாம் தடவைதான் கேட்டது.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன்.
தலையில் ஒன்றும் இல்லை.
இடுப்பில் கயிறு, கயிற்றில் சாக்கு,
இழுத்துக்கொண்டு நடக்கிறார்.
கழுத்தெலும்பு தேய்ந்து இரண்டு வருசமாம்.
“தலச்சுமைன்னு ஒனக்கு யாரு சொன்னா?”
புத்தகம் என்று சொல்லவில்லை.

காலிச் சாக்கு கிளம்புகிறது.
முதல் மீட்டரில் நாலு பழம்,
இருநூறாவதில் எட்டுக் கிலோ.
சுழியத்திலிருந்து ஏறும் கோடு,
அதன் அடியில் முக்கோணம்,
பரப்பு எண்ணூறு.
ரபிகுலின் முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால்
இதன்மேல் விளிம்பு பிசகாமல் உட்காருகிறது.
எந்த மீட்டரில் நிறுத்திக் கேட்டாலும்
இருவரும் சேர்ந்து அதே நூற்றிருபது.

சாக்கு இழுபட்ட தடம் ஈரமண்ணில்
காண்டா ஓரம் ஒருபக்கம் வளைந்து
ரோட்டோரம் மறுபக்கம் வளைந்து
தொகையீட்டுக் குறியாகவே கிடந்தது.
கைப்பேசியை எடுப்பதற்குள்
டிராக்டர் ஏறிவிட்டது.

“அக்கா, நீங்க எண்ணூறு.”
“எண்ணூறு சாக்கா?”
“இல்ல, ஜூல்.”
“சாக்குக்குத்தான் காசு” என்று குனிந்தார்.

அந்தக் குனிவை நான் எங்கேயும் சேர்க்கவில்லை.
எட்டுக் கிலோவுக்கு எண்ணூறு பழம்.
ஒவ்வொன்றுக்கும் இடுப்பு ஒருமுறை இறங்கி
ஒருமுறை ஏறுகிறது.

இரவு மழை.
மண் குழைந்து உராய்வு மாறிவிட்டது,
கிலோவுக்கு ஒரு நியூட்டன் இனிச் செல்லாது.
தாளைக் கிழித்துப் புதுத்தாளில்
முதல் வரியிலிருந்து போடுகிறேன்.
மேடையில் ஈர லாரி ஏறுகிறது.
எண் நடுங்குகிறது.