கரையண்டா

களியக்காவிளையில் நாலே முக்கால் பஸ்
விளக்குப் போடாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது.
டிரைவர் மலையாளத்தில் கொட்டாவி விடுகிறார்.
நான் தமிழில் ஜெபம் பண்ணுகிறேன்.
மழைக்காலக் கண்ணாடியில்
இரண்டும் ஒரே ஆவியாகப் படிகிறது.

மிஷனரி ஞாயிறன்று சபையில் படம் காட்டினார்கள்:
மலை, ஆறு, கூரையில்லாத பள்ளிக்கூடம்.
யார் போறீங்க என்று போதகர் கேட்டபோது
என் கைதான் முதலில் எழுந்தது,
அண்டித்தோட்டின் எண்ணெயில் கறுத்த கை.
விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு என்று ஒரு கட்டம்.
நான் ஆறாவதோடு அண்டி ஆபீஸுக்குப் போனவள்.
காணிக்கைக் கவரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கச்சிக்குக் கழுத்தில் கட்டி வந்த வருஷம்
திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில்
சங்கரன்கோயில்காரர் ஒருவரைப் பார்த்தேன்.
வரியில் நில்க்கு என்றிருக்கிறான் காவலாளி.
வரி கட்டுகிற இடம் எது என்று
விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார் மனிதர்,
மஞ்சள்பையில் மனைவியின் எக்ஸ்ரேயோடு.
வரி என்றால் இங்கே வரிசை, அண்ணாச்சி, என்றேன்.
அவ்வளவுதான்.
அவர் பார்த்த பார்வையில்
எனக்கு வேலை நியமனமாயிற்று.

கொல்லத்துக்காரிகளோடு உட்கார்ந்து
அண்டி தல்லித் தல்லிப் படித்த மலையாளம் இது.
வசவு முதலில் வந்தது, மீதி பிறகு.
சீஷர்களுக்குப் பாஷை நெருப்பாய் இறங்கியதாம்.
எனக்கு விரல் தோலை உரித்துக்கொண்டு ஏறியது.

புதன்கிழமை சம்பளம் போனால் போகிறது.
ஒப்பு என்றால் கையெழுத்து, இந்தக் கோட்டுக்கு மேலே.
வெள்ளம் குடிக்கருது என்றால்
ஸ்கேன் முடியும்வரை தண்ணீர் கூடாது, பயப்படாதீங்க,
ஆற்றில் ஒன்றும் வரவில்லை.

ஒரு தடவை பொய் சொன்னேன்.
கயத்தாற்றுச் சுடலைவடிவிடம்.
இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.
இன்னும் கொஞ்சம் பார்க்கலாமாம் என்றேன் நான்.
அடுத்த மாதம் இரண்டு ஆட்டை விற்றுவிட்டு வந்து நின்றாள்.
ரூபாயில் ஆட்டுமணம் போகவில்லை.
கேன்டீன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து
எல்லாவற்றையும் சொன்னேன்.
மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து
பாதியை என் பக்கம் தள்ளினாள்.

அதிலிருந்து சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன்,
கையைப் பிடித்துக்கொண்டு.

போன மாதம் ஒரு சின்ன வயசு டாக்டர்
பிள்ளையைப் பறிகொடுக்கப்போகிற தாயிடம்
கரையண்டா அம்மே, என்றாள்.
அழ வேண்டாம் என்று அர்த்தம்.
அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அழட்டும், அழாமல் எப்படி?
தமிழ்க் காதில் விழுந்தபடியே சொன்னேன்:
கரைஞ்சு போயிராத, தாயி.
தப்புதான்.
இந்தத் தப்பை நான் திருத்தப்போவதில்லை.

ஆண்டறிக்கைக்கு எண் வேண்டுமாம்.
எத்தனை ஆத்துமா அக்கா, என்கிறார்
கமிட்டிச் செயலர் ஞானசிகாமணி, பேனாவைத் திறந்துகொண்டு.
ஓபி சீட்டு நாற்பத்தொன்று என்றேன்.
ரத்தம் இரண்டு யூனிட்.
சக்கர நாற்காலி தள்ளியதில் உடைந்த வளையல் மூன்று.
மற்றக் கணக்கு என்னிடம் இல்லை,
வைத்திருக்கிறவர் வைத்திருக்கிறார்.
எதையோ எழுதிக்கொண்டார்.

உங்களுக்கு மலையாளம் வராது, தெரியும்.
வெள்ளம் என்றால் தண்ணீர்.
அந்த ஒரு வார்த்தையை வைத்தே
மதியம்வரை ஓட்டலாம், நானே ஓட்டியிருக்கிறேன்.

கண்டக்டர் மணி அடிக்கிறார்.
பக்கத்து சீட்டில் பையை வைத்திருக்கிறேன்.
நெய்யாற்றின்கரை வரை யார் கேட்டாலும்
ஆள் வருது என்றே சொல்லுவேன்.