மூச்சை அடக்கும் வேலை

சான் விசென்ட் தீவின் கடற்கரையில் எனக்கு
மூச்சை அடக்கும் வேலை.

செவ்வாய்தோறும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளோடு
காற்றுக்கு எதிர்முகமாய் நடப்பேன்.
மூடியைத் திறக்குமுன் நெஞ்சு நிறைய இழுத்து
நிறுத்திக்கொள்வேன்.
என் மூச்சில் ஒரு கீற்று உள்ளே போனாலும்
கணக்கு கெட்டுவிடும்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது…
காதுக்குள் ரத்தம் இரைய
குடுவை அட்லாண்டிக்கைக் குடித்து முடிக்கும்.

பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூடத் தேறாது மீத்தேன்.
அரை மூட்டை அரிசியில் இரண்டு கல்.
பல்லில் படுவது அதுதானே.

ஏதோ சதுப்பில், மாட்டின் ஏப்பத்தில்,
இற்றுப்போன எரிவாயுக் குழாயில் கிளம்பி
ஒன்பது பத்து வருடம் ஊர் சுற்றும்,
பூமி விடும் சூட்டை மடியில் கட்டிக்கொண்டு.

அதற்குப் பகையும் இந்தக் காற்றிலேயே உண்டு: ஹைட்ராக்சில்.
வெயில் ஓசோனை உடைக்க,
உடைந்த துண்டு ஈரத்தைத் தொடப் பிறக்கும்.
ஒரு நொடிக்குள் சாகும்.
அதற்குள் எதிர்ப்பட்டதிடம்
ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தண்ணீராகிவிடும்.

மூன்று வருடமாய் மழை பார்க்காத ஊர் இது.
எங்கள் தலைக்கு மேல், நண்பகல்தோறும்,
தண்ணீர் பிறந்துகொண்டே இருக்கிறது.
கூரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

போன செவ்வாய் திரையில்
கார்பன் மோனாக்சைடின் கோடு
செங்குத்தாய் எழுந்தது.
ஓடிப்போய்ப் பார்த்தால்
கருவிக்கு மேல்காற்றில் அதெரித்து,
பழைய படகுப் பலகையைக் கொளுத்தி
கானாங்கெளுத்தி சுட்டுக்கொண்டிருக்கிறான்.
"ஸுல்மீரா, உனக்கும் ரெண்டு இருக்கு."

புகை இருக்கும் இடத்தில் ஹைட்ராக்சிலுக்குக் கை ஓயாது,
மீத்தேன் தப்பிவிடும் என்று
சொல்லலாமென நினைத்தேன்.
மீன் வாசனை நன்றாக இருந்தது.

விதிப்படி அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு
ஒரு குறி போட வேண்டும்:
'உள்ளூர். கணக்கில் சேராது.'

போட்டேன்.
எங்கள் அடுப்பு, எங்கள் படகு, நான் விடும் மூச்சு,
எல்லாம் பிழை.
யார் யாரோ எங்கெங்கோ விட்டது மட்டும்
கடல் தாண்டி வந்து, நன்றாகக் கலந்து,
பெயர் உதிர்ந்து
சுத்தமான தரவு.

முள்ளைத் துப்பிவிட்டு அதெரித்து கேட்டான்,
குடுவைக்குள் என்ன என்று.
"ரோட்டர்டாமில் உன் அண்ணன் ஓட்டுகிற லாரி, கொஞ்சம்."

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
வெயிலில் தூக்கிப் பிடித்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

"காலியாத்தானே இருக்கு."