வால் சக்கரம்

போர் முடிந்ததும்
ஐம்பது டாலருக்கு ஓர் ஆன்சன் விமானம்.
டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலே
கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டதாம்,
மற்றதெல்லாம் கொசுறு.
சஸ்காச்சுவான் பனியில்
டிராக்டர் பின்னே கட்டி இழுத்து வந்தார் ஹிரின்சுக்.
கோழிகள் ஏறிக்கொண்டன.
விமானி இருக்கையில் ஒன்று அடைகாத்தது.

சனிக்கிழமைதோறும் நாங்கள் ஆறு பேர்
எச்சம் சுரண்டுகிறோம்,
லெனோரா பல் பிரஷ்ஷால்,
நான் வெண்ணெய்க் கத்தியால்.
அடியில் அந்தப் பயிற்சி மஞ்சள் தெரிந்த அன்று
மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை.

ஜன்னல்கள் ஒரு தக்காளிக் கொட்டகையில் கிடைத்தன.
வால் சக்கரம் மட்டும்
ஹிரின்சுக் மகளின் தள்ளுவண்டியில்.

புதுச் சக்கரம் தருகிறோம் என்றோம்.
பலகையில் அப்பா பெயர் போடுகிறோம் என்றோம்.
"உங்களுடையது பறக்குமா?"
பறக்காது. நிற்கும்.
"இது ஓடிக்கொண்டிருக்கிறதே" என்று
பூசணிகளோடு உருட்டிப் போனார்.
கிறீச்சென்று அது மட்டும் ஏதோ சொன்னது.

டேப் பிடித்து அளவெடுத்துக்கொண்டோம்.
திரும்பும் வழியில்
ஆளுக்கொரு பூசணி மடியில்.
ஹாங்கரில் வால் இன்னும்
மரக்கட்டை மேல்தான்.

லெனோரா தன் கிரீஸ் டப்பாவை
அந்த வண்டியிலேயே மறந்துவிட்டாளாம்.
எதையும் மறப்பவள் அல்ல அவள்.