நீலம் குறைவு

கெலுகோர். நான்காம் மாடி ஆய்வுக்கூடம்.
பதினேழாம் எலி, ஆண்.
இறுகிப்போன தோளுக்கு
ஆறு வாரமாய் ரிலாக்சின்:
பிள்ளை வரும் நேரம்
தாயின் இடுப்பை நெகிழவைக்கிற
அதே சுரப்பு.

நேற்று முன்காலைத் தூக்கி
முகம் கழுவிக்கொண்டது,
காதுக்குப் பின்னால்கூட.
கைதட்டிய ஃபௌசியா
சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இன்று அது
கண்ணாடித் தகட்டில் ஒரு சீவல்.
தழும்பு இருந்தால் சாயம் நீலமாய்க் காட்டும்.
தேடித் தேடிப் பார்க்கிறேன்,
நீலம் குறைவு.
குறிப்பேட்டில் ‘பாவம்’ என்று எழுதி
அடித்துவிட்டுச்
சதவீதம் எழுதினேன்.

மாலை, பாயான் லெப்பாஸ் பஸ். நல்ல மழை.
மேல்கம்பியை இடக்கையால் பிடித்திருக்கிறேன்.
வலத்தோள் பூட்டிக்கொண்டு
ஒன்பது மாதம்.

வலக்காதுக்குப் பின்னால்
ஒரு துளி இறங்குகிறது.
எட்டவில்லை.