தட்டிப் பார்த்தல்

வார்டில் பன்னிரண்டு வருடம்.
நெஞ்சின் மேல் இடக்கை விரலைப் பதித்து
வலக்கை விரலால் தட்டினால் தெரிந்துவிடும்
உள்ளே காற்றா நீரா என்று.
வீடு வாங்கப் போன அன்று மட்டும்
இரண்டு கையிலும் சாவிக்கொத்து.

அஜ்மானில், தண்ணீர் லாரிகள் திரும்பும் ரோட்டின் கடைசி வில்லா.
"பின்னால ஒரு ரூம் எக்ஸ்ட்ரா சேச்சி,
அதுக்குக் காசு கிடையாது"
என்றான் புரோக்கர் சினோஜ்.
ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கி
விற்றவர் நிறைய வெளிச்சம் சேர்த்து வைத்திருந்தார்.
வெளிச்சத்தைப் பார்த்தோம்.
அதற்காக எது போனது என்று
கேட்கத் தோன்றவில்லை.

பதினான்கு தவணை கட்டியிருந்தோம்.
ஆகஸ்டில் ஒரு ராத்திரி
ஏசித் தண்ணீர் குடித்து வீங்கிய ஜிப்சம் பலகை
பின்னறையில் என் மகனின் தலையணை மேல் விழுந்தது.
அவன் பாத்ரூம் போயிருந்தான்.
அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

இன்ஷூரன்ஸ்காரர் மரியாதையானவர்.
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
வரைபடத்தை மேஜையில் விரித்து
எந்த அறை என்று கேட்டார்.
நான் அறையைக் காட்டினேன்.
அவர் தாளைக் காட்டினார்.
அங்கே வெறும் முற்றம்.

தாளில் இருக்கும் சுவர் வீட்டில் இல்லை.
வீட்டில் இருக்கும் அறை தாளில் இல்லை.
எந்தக் கேஸ் ஷீட்டும் இப்படி
நோயாளியோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"இல்லாத அறைக்கு நஷ்டஈடு கிடையாது, சிஸ்டர்.
பலதியாவிடம் நான் சொல்ல மாட்டேன்.
ஆனால் ஒருநாள் அவர்கள் வருவார்கள்."

சமையலறை மேலே விரிசல்
முதலில் முடியளவு.
ரமலான் வருவதற்குள்
டேவிட்சனின் ஏடிஎம் கார்டு அதில் நுழைந்தது.
பீம் போட்டு, அறையை இடித்து, அபராதமும் கட்ட
இன்ஜினியர் எழுதித் தந்த தொகையை
அவர் இரண்டு முறை மடித்துப் பர்ஸில் வைத்தார்.
விற்றவர் கனடாவில்.
சினோஜின் நம்பரில் அரபி பேசும் ஒரு பெண்
மறுபடி முயலச் சொன்னாள்.

"நாமளும் வித்துடலாம்" என்றார் டேவிட்சன்.
வெள்ளிக்கிழமை முழுக்கப் புட்டி தேய்த்தார்.
நான்தான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அதை மறைக்கப் போவதில்லை.

இன்று வந்தார்கள்.
அவன் ஷார்ஜாவில் அக்கவுண்டன்ட்.
அவளுக்கு ஏழாம் மாதம்,
பின்னறைக்குள் போனதும்
தொட்டில் எங்கே வரும் என்று கண்ணால் அளந்தாள்.

"இந்த ரூம் ஒரிஜினலாவே இருந்ததாக்கா?"

ஹாலில் டேவிட்சன் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

வாய் திறந்தால் எது வருமோ.
அவள் இடக்கையை எடுத்துச் சுவரில் பதித்து
நடுவிரல் மேல் தட்டினேன்.
வெளியே கூட்டிப்போய் வாசல் சுவரிலும் ஒருமுறை.

என்னைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி
உள்ளே போய்
ஹால், சமையலறை, மாடிப்படியின் அடி என்று
தானே தட்டிக்கொண்டு போனாள்.