இரு

சிம் கார்டு ஒன்றுதான் வாங்கினோம்.
நாற்பது டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு
"நாம என்ன, பிரிஞ்சா போகப்போறோம்?" என்றான் ஆவுடையப்பன்.
கல்யாணமாகி ஐந்து மாதம்.
அப்படியெல்லாம் கேட்க முடிந்தது.

நியூயார்க்கில் முதல் காலை,
உடம்புக்கு இன்னும் சாயங்காலம்.
பாஸ்போர்ட் இரண்டும் என் கைப்பையில்.
போனும் அதிலிருந்த வரைபடமும் அவன் சட்டைப்பையில்.
பார்க்கவேண்டியவை பதினொன்று என்று
விமானத்திலேயே எழுதிய சீட்டு
யாரிடம் இருந்ததென்று இப்போது நினைவில்லை.

கிராண்ட் சென்ட்ரலில்,
சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்கிற கூட்டம்
சத்தமே இல்லாமல் படியிறங்கிக்கொண்டிருந்தது.
அத்தனை பேரில் ஒருவர்கூட
இன்னொருவரைப் பெயர்சொல்லிக் கூப்பிடவில்லை.
எனக்கு முதலில் பயம் வந்தது அதில்தான்.

ரயில் வந்தது.
என்னை யாரும் தள்ளவில்லை,
ஆனாலும் நான் உள்ளே இருந்தேன்.
அவன் ஒரு தள்ளுவண்டிக் குழந்தைக்கு வழிவிட்டான்,
பிறகு அதன் அம்மாவுக்கு,
பிறகு ஒரு செல்லோவுக்கு.
கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் அவன் வாய் அசைந்தது.
இறங்கு என்றானா,
இரு என்றானா?
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் விரிகிறது.

முப்பத்து மூன்றாம் தெருவில் இறங்கினேன்.
திரும்பிப் போகிற ரயில் எதிர்ப்பக்கம்.
எதிர்ப்பக்கத்துக்குப் பாலமில்லை.
மேலேறி, தெருவைக் கடந்து,
மறுபடி காசு கொடுத்துக் கீழே இறங்கவேண்டும்.
அந்த அரை நிமிடத்தில் பார்த்ததுதான் நியூயார்க்:
சாக்கடை மூடியிலிருந்து ஆவி,
ஒரு மஞ்சள் டாக்சி,
இரண்டு கையிலும் காபியோடு ஓடுகிற ஒருத்தி.
அண்ணாந்தேன், கழுத்து போதவில்லை.

கீழே வந்து நிற்கிறேன்,
இரண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
என்னைத் தேடி வந்து இறங்கி நிற்கிறான்.

வாய்க்கு அவன் 'என்னங்க',
மனசுக்குள் 'அவன்'.
பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.
ஏழு எழுத்தையும் கத்தினேன்.
யாரும் திரும்பவில்லை.
அவன் திரும்பினான்.

கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.
வா என்பதும் நில் என்பதும் தூரத்தில் ஒரே கைதான்.
நடுவில் ஒரு ரயில் வந்து மறைத்தது.
நான் படியேறி ஓடினேன்.
அந்தச் சந்திப்புக்கு நாலு மூலை,
நாலு மூலையிலும் படி.
இறங்கிப் பார்த்தால்
நான் நின்ற இடத்தில் அவன்,
அவன் நின்ற இடத்தில் நான்.

தூணோரம்
மாம்பழத் துண்டில் மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டிருந்தவள்
எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.
ஸ்பானிஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள்,
முதுகில் தூங்கிய குழந்தையும் சேர்ந்து குலுங்கியது.
கவிழ்த்துப் போட்ட பக்கெட்டைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
உட்கார்ந்தேன்.
எதிரே அவனும் பெஞ்சில் உட்கார்ந்தான்,
கையை மடியில் வைத்துக்கொண்டு,
பரீட்சைக்கு வந்த பையன்போல.

இனி நகரக் கூடாது என்று
இருவரும் முடிவெடுத்திருந்தோம்.
இருவரும் இருந்தோம்.

ஒரு ரயில். பிறகு ஒன்று.
ஒவ்வொன்றும் அவனை அழித்து, மறுபடி எழுதிவிட்டுப் போனது.
வியர்வை காய்ந்தது.
அவன் தலையில் உச்சிக்குப் பின்னால்
முடி மெலிந்திருக்கிறது.
அவன் குனிந்து ஷூ முடிச்சைப் போட்டபோது கண்டுபிடித்தேன்.
ஒரே அறையில் ஐந்து மாதம் இருந்து
பார்க்காதது.

மூன்றாவது ரயில் போனபோது பெஞ்ச் காலி.
எழுந்திருக்கப் பார்த்த என்னை
மாம்பழக்காரி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

மூச்சிரைக்க வந்தான்.
"இருன்னுதானே சொன்னேன்" என்றான்.
எந்தத் தடவை என்று நான் கேட்கவில்லை.
மாம்பழம் ஒரு கோப்பை வாங்கினோம்,
எலுமிச்சை தூக்கல்.

ராத்திரி அத்தை போனில்,
"என்னெல்லாம் பாத்தீங்க?"
அவன் என்னைப் பார்த்தான்.
"ஒரு ஸ்டேஷன் அத்தை" என்றேன்,
"ரெண்டு பக்கமும்."